மின்னஞ்சல்வழிப் புதிய வாடிக்கையாளர் தேடல்: ஒரு வரலாற்றுப் பார்வை

மின்னஞ்சல்வழிச் சந்தைப்படுத்தல் என்பது, ஒரு நிறுவனம் தன் பொருளையோ சேவையையோ மின்னஞ்சல் மூலம் அறிமுகப்படுத்தி விற்பனைக்கு வழிதேடும் முறையாகும். இதற்கு இரண்டு கிளைகள் உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்களுடன் தொடர்பைப் பேணுவது முதல் கிளை. இதுவரை அறிமுகமில்லாத ஒருவரை அணுகி அவரைப் புதிய வாடிக்கையாளராகப் பெற முயல்வது இரண்டாம் கிளை. முதல் கிளை பெரிதும் சர்ச்சைக்கு உள்ளாகவில்லை. இரண்டாம் கிளையோ தொடக்கம் முதலே இலாபத்தையும் எதிர்ப்பையும் ஒருங்கே சந்தித்து வந்துள்ளது. முதலீடும் விளம்பரச் செலவுக்குப் பணமும் இல்லாத ஒரு சிறு நிறுவனம், முன்பின் தெரியாத ஒருவரின் கதவைத் தட்ட மின்னஞ்சல் வழிதந்தது. அதே எளிமையே அந்தக் கதவுகள் அடைபடவும் காரணமாயிற்று. இக்கட்டுரை அந்த இரண்டாம் கிளையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

மின்னஞ்சலுக்கு முந்தைய காலம்

அறிமுகமில்லாதவருக்கு எழுதி வணிகம் தேடுவது புதிய வழக்கமன்று. 1864ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இலண்டனில் அரசியல்வாதிகள் பலருக்கு மாலை நேரத்தில் தந்தி ஒன்று வந்தது. தந்தி என்றாலே அவசரச் செய்தி என எண்ணிய காலம் அது. பிரித்துப் பார்த்தபோது, அது ஒரு பல் மருத்துவ நிலையத்தின் விளம்பரமாக இருந்தது. பெற்றவர்களுள் ஒருவர் எரிச்சலுற்று 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதினார். கேட்காமலே வந்த மின்வழி விளம்பரத்திற்குக் கிடைத்த தொடக்ககால எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் 1872இல் ஆரன் மாண்ட்கோமரி வார்டு, சிகாகோ நகரிலிருந்து ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலை அஞ்சலில் அனுப்பிக் கிராமத்து மக்களிடம் வணிகம் தேடினார். அஞ்சல்வழி வணிகம் அங்கிருந்து வளர்ந்தது. 'நேரடிச் சந்தைப்படுத்தல்' என்ற சொல்லாட்சியை 1967இல் லெஸ்டர் வுண்டர்மன் பரவலாக்கினார்.

அஞ்சல்வழி விளம்பரத்தில் ஓர் இயல்பான தடை இருந்தது. தாள், அச்சு, உறை, அஞ்சல்தலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அனுப்புபவரே பணம் செலுத்த வேண்டும். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஆயிரம் அஞ்சல்தலை. எனவே யாருக்கு அனுப்பினால் பயன் என்று எண்ணிப் பார்த்தே அனுப்பினர். மின்னஞ்சல் வந்தபோது இந்தத் தடை நீங்கியது. பின்னர் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர்.

1978: முதல் வணிக மின்னஞ்சல்

கணினி வலையமைப்பு ஒன்றின் வழியே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திலுள்ள பயனருக்கு அனுப்பப்பட்ட முதல் மின்னஞ்சல், 1971இல் ரே டாம்லின்சனால் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பப்பட்டது. முகவரியில் இன்றும் நாம் பயன்படுத்தும் 'அட்' குறியைத் தேர்ந்தவரும் அவரே. அக்காலத்தில் ஆர்ப்பாநெட், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கியது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அதில் இணைந்திருந்தன. அரசு சார்ந்த பணிகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது விதி.

இந்த வலையமைப்பில்தான் முதல் வணிக மின்னஞ்சல் சென்றது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேசன் என்ற கணினி நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவில் பணியாற்றியவர் கேரி துர்க். அந்நிறுவனம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நன்கு அறியப்பட்டிருந்தது. மேற்குக் கரையில் அவ்வளவாக இல்லை. புதிய டெக்சிஸ்டம்-20 வகைக் கணினிகளை மேற்குக் கரை வாடிக்கையாளருக்கு அறிமுகப்படுத்த துர்க் விரும்பினார். ஆர்ப்பாநெட் பயனர்களின் பெயர்களும் முகவரிகளும் ஓர் அச்சுக் கையேட்டில் இருந்தன. அதிலிருந்து ஏறத்தாழ 400 முகவரிகள் தெரிவு செய்யப்பட்டுத் தட்டச்சு செய்யப்பட்டன. 1978 மே 3 அன்று செய்தி அனுப்பப்பட்டது. மே 9இல் இலாஸ் ஏஞ்சல்சிலும் மே 11இல் சான் மட்டேயோவிலும் நடைபெறவிருந்த செயல்விளக்கக் கூட்டங்களுக்கான அழைப்பு அது.

அன்றைய மின்னஞ்சல் நிரலின் முகவரிப் பகுதி இத்தனை பெயர்களைத் தாங்கவில்லை. எஞ்சிய முகவரிகள் கடிதத்தின் உள்ளேயே வழிந்தன. பெற்றவர்கள், செய்தியைப் படிக்கும் முன் நீண்ட முகவரிப் பட்டியலைக் கடக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. வலையமைப்பை நிர்வகித்த பாதுகாப்புத் தொடர்பு முகமை, இது விதிமீறல் என்று கண்டித்து நிறுவனத்தைத் தொடர்பு கொண்டது. அதே வேளையில், அந்த அழைப்பால் 1.3 கோடி முதல் 1.4 கோடி டாலர் வரை விற்பனை நடந்ததாகத் துர்க் பிற்காலத்தில் கூறினார்.

இந்நிகழ்வைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். செய்தி, பெற்றவர்களுக்குத் தொடர்பில்லாதது அன்று. டெக்சிஸ்டம்-20 கணினிகள் ஆர்ப்பாநெட்டுடன் இணையும் வசதி கொண்டவை. பெற்றவர்களோ ஆர்ப்பாநெட் பயனர்கள். பொருள் பொருந்தியது, ஆனால் அனுமதி இல்லை. விற்பனையும் கண்டனமும் ஒரே கடிதத்தால் விளைந்தன.

வணிகத் தடை நீங்குதல்

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல், மின்னஞ்சலை ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்குக் கடத்தும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை வெளியிட்டார். அறிமுகமானவர்கள் மட்டுமே இருந்த சிறு வலையமைப்புக்காக உருவானது அது. எனவே, அனுப்புபவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. யாரும் யாருடைய பெயரிலும் கடிதம் அனுப்ப முடிந்தது. இந்தக் குறை பல ஆண்டுகளுக்குப் பின்னரே பெரும் சுமையாயிற்று.

ஆர்ப்பாநெட்டுக்குப் பின் அமெரிக்க இணையத்தின் முதுகெலும்பாக விளங்கிய என்.எஸ்.எப்.நெட் வலையமைப்பிலும் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1995 ஏப்ரல் 30 அன்று அந்த வலையமைப்பு நிறுத்தப்பட்டு, போக்குவரத்து தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறியது. அதனுடன் வணிகத் தடையும் முற்றாக நீங்கியது.

எரிதத்தின் எழுச்சி

தடை முழுமையாக நீங்கும் முன்னரே முயற்சிகள் தொடங்கிவிட்டன. 1994 ஏப்ரலில், அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்னும் வழக்கறிஞர் இணையர், அமெரிக்கக் குடியுரிமைக்கு முற்படியான 'கிரீன் கார்டு' குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாகக் கூறும் விளம்பரத்தை, யூசுநெட் என்ற கலந்துரையாடல் வலையமைப்பின் 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் இட்டனர். பயனர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுக்கு இணைய வசதி அளித்த நிறுவனத்தின் வழங்கி, கண்டனக் கடிதங்களின் பெருக்கால் முடங்கியது. ஆனால் அந்த இணையரோ, இதனால் ஏறத்தாழ 1,000 புதிய வாடிக்கையாளர்களும் 1,00,000 டாலர் வருவாயும் கிடைத்ததாகக் கூறி, தம் முறையை விளக்கி நூலும் எழுதினர்.

இத்தகைய வேண்டாச் செய்திகளுக்கு 'ஸ்பேம்' என்ற பெயர் இக்காலத்தில் நிலைபெற்றது. இது ஒருவகை டப்பா இறைச்சியின் வணிகப் பெயர். மான்டி பைத்தான் குழுவின் 1970ஆம் ஆண்டு நகைச்சுவைக் காட்சியொன்றில், உணவகத்தின் எல்லா உணவிலும் இவ்விறைச்சி திரும்பத் திரும்ப இடம்பெறும். பிற பேச்சு எதுவும் கேட்காதவாறு அச்சொல்லே ஒலிக்கும். அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது. தமிழில் இது 'எரிதம்' என வழங்கப்படுகிறது.

1990களின் நடுப்பகுதியில், பிறர் சார்பில் இலட்சக்கணக்கான விளம்பர மின்னஞ்சல்களை அனுப்பித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் சைபர் புரமோசன்சு நிறுவனம் பெரிதும் பேசப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்களான ஏ.ஓ.எல்., கம்ப்யூசெர்வ் ஆகியவை அதனுடன் நீதிமன்றத்தில் மோதின. தனியார் நிறுவனத்தின் வழங்கிகள் வழியே விளம்பரம் அனுப்ப அரசியலமைப்பு உரிமை எதுவும் இல்லை என 1996இல் ஒரு தீர்ப்பு வந்தது. அனுமதியின்றிப் பிறர் வழங்கியைப் பயன்படுத்துவது அவர்களின் உடைமையில் அத்துமீறுவதற்கு ஒப்பாகும் என 1997இல் மற்றொரு தீர்ப்பு வந்தது.

இத்தீர்ப்புகளின் அடிப்படை எளியது. அஞ்சல்வழி விளம்பரத்தில் செலவு அனுப்புபவருடையது. மின்னஞ்சலிலோ சேமிப்பிடம், அலைவரிசை, படித்து நீக்கும் நேரம் ஆகிய செலவுகள் பெறுபவரின் தலையில் விழுகின்றன.

செலவு இல்லாமையின் விளைவை 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. மருந்து விற்பனை தொடர்பான எரித மின்னஞ்சல்களை அவர்கள் 26 நாள்கள் கண்காணித்தனர். ஏறத்தாழ 35 கோடி மின்னஞ்சல்களுக்குக் கிடைத்த விற்பனை முயற்சிகள் வெறும் 28. அஞ்சல்தலை ஒட்ட வேண்டியிருந்தால் எவரும் இத்தகைய வணிகத்தில் இறங்கமாட்டார்.

ஒப்புதல் என்னும் கருத்து

இதே காலத்தில் வேறொரு வழியும் உருவாயிற்று. 1996 சூலை 4 அன்று, இந்தியாவில் பிறந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயில் என்ற இலவச மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினர். அச்சேவையிலிருந்து செல்லும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், பெறுபவரும் இலவசக் கணக்குத் தொடங்கலாம் என்ற அழைப்பு ஒரு வரியாக இடம்பெற்றது. அந்த அழைப்பு ஒரு நிறுவனத்திடமிருந்து வரவில்லை; நண்பரின் கடிதத்தோடு வந்தது. பெரும் விளம்பரச் செலவின்றி இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர். 1997 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதை வாங்கியது.

1999இல் சேத் கோடின், 'பெர்மிசன் மார்க்கெட்டிங்' என்ற நூலில் 'ஒப்புதல்வழிச் சந்தைப்படுத்தல்' என்ற கருத்தை முன்வைத்தார். எதிர்பாராத நேரத்தில் குறுக்கிடும் விளம்பரத்தைவிட, பெறுபவர் தாமே கேட்டுப் பெறும் செய்தியே மதிப்புடையது என்பது அதன் சாரம். இக்கருத்தின்படி, முகவரிப் பட்டியல் தன்னளவில் சொத்தன்று. அதிலுள்ளவர்கள் தந்த ஒப்புதலே சொத்து. பயனுள்ள கட்டுரை, கையேடு, விலை ஒப்பீடு போன்ற ஒன்றைத் தந்து, விரும்புவோரிடமிருந்து முகவரியைப் பெறுவது புதிய வாடிக்கையாளரைத் தேடும் முறையாக வளர்ந்தது. முகவரி தந்தவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, அவர் இசைந்த பின்னரே பட்டியலில் சேர்க்கும் 'இரட்டை ஒப்புதல்' முறையும் பரவியது.

இதற்கான கருவிகளும் பெருகின. 2001இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்ட மெயில்சிம்ப், 2009இல் இலவசத் திட்டத்தை அறிவித்தது. ஓராண்டில் அதன் பயனர் எண்ணிக்கை 85,000இலிருந்து 4,50,000 ஆயிற்று. 2021இல் இன்ட்யூட் நிறுவனம் ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு அதை வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனமும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, மின்னஞ்சல் பரப்புரை ஆகியவற்றுக்கான மென்பொருள்களை உலகெங்கும் விற்கிறது.

சட்டங்கள்

2000களின் தொடக்கத்தில் அரசுகள் தலையிட்டன. அவை எடுத்த நிலைப்பாடுகள் இருவகைப்பட்டன.

அமெரிக்காவின் 'கேன்-ஸ்பேம்' சட்டம் 2003 டிசம்பரில் கையொப்பமாகி, 2004 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அனுப்புநர் விவரமும் தலைப்பும் ஏமாற்றுவதாக இருக்கக்கூடாது. அஞ்சல் முகவரி இடம்பெற வேண்டும். விலகும் வழி இருக்க வேண்டும். விலக விரும்பியவரை 10 வேலைநாள்களுக்குள் நீக்க வேண்டும். நிறுவனங்கள் தமக்குள் அனுப்பும் வணிக மின்னஞ்சல்களுக்கும் இது பொருந்தும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, தனிமனிதருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்ப முன் ஒப்புதலை வேண்டியது. நிறுவனங்களுக்கு அனுப்புவது குறித்த முடிவை உறுப்பு நாடுகளிடம் விட்டது. இதனால் நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டது. செருமனியில் நிறுவனங்களுக்கு எழுதவும் முன் ஒப்புதல் தேவை. பிரித்தானியாவில் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு, அனுப்புநர் தம்மை வெளிப்படுத்தி விலகும் வழியும் தந்தால் எழுதலாம். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒப்புதல் என்பதன் பொருளை மேலும் இறுக்கியது.

கனடாவின் சட்டம் 2014 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மீறும் நிறுவனத்திற்கு 1 கோடி கனடிய டாலர் வரை தண்டம் விதிக்க அது இடமளிக்கிறது. எனினும், ஒருவர் தம் பணிசார் முகவரியை வெளிப்படையாக வெளியிட்டு, விளம்பரம் வேண்டாம் என்று குறிப்பிடாதிருந்தால், அவருடைய பணிக்குத் தொடர்புடைய செய்தியை அனுப்ப மறைமுக ஒப்புதல் உண்டு என அது கொள்கிறது. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், கேட்கப்படாமல் மொத்தமாக அனுப்பப்படும் விளம்பர மின்னஞ்சலின் தலைப்பில் அது விளம்பரம் என்ற குறியீட்டை இடக் கட்டாயப்படுத்துகிறது.

இந்தியாவில் மின்னஞ்சல் எரிதத்திற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் பற்றியவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைப் பயன்படுத்த ஒப்புதலை முதன்மை அடிப்படையாக்கியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்திகளுக்குப் பெறுநரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. பிற நாட்டு வாடிக்கையாளரைத் தேடும் எவரும், தம் நாட்டு விதியோடு பெறுபவரின் நாட்டு விதியையும் அறிந்திருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கிடையிலான வணிகம்

மக்களுக்கு நேரடியாக விற்கும் வணிகத்தில் ஒப்புதல் முறை வேரூன்றியபோதும், நிறுவனங்கள் நிறுவனங்களுக்கு விற்கும் வணிகத்தில் அறிமுகமில்லா மின்னஞ்சல் மறையவில்லை. அங்கு வாங்குபவர்கள் சிலரே. ஒவ்வோர் ஒப்பந்தமும் பெரியது. சரியான ஒருவரைச் சென்றடைவதே கடினம்.

சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆரன் ராஸ், 2000களில் இதற்கொரு முறையை வகுத்தார். முதல் கடிதத்திலேயே பொருளை விற்க முயலாமல், இந்தப் பொறுப்பை உங்கள் நிறுவனத்தில் கவனிப்பவர் யார் என்று மட்டும் கேட்கும் மிகச் சுருக்கமான மின்னஞ்சலை மேலாளர்களுக்கு அனுப்பினார். மேலாளர் கைகாட்டிய பின் உரியவரை அணுகும்போது அது அறிமுகமில்லாக் கடிதமாக இருக்கவில்லை. புதிய வாடிக்கையாளரைத் தேடுபவரும் விற்பனையை முடிப்பவரும் வேறு வேறு ஆள்களாக இருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. மேரிலூ டைலருடன் இணைந்து 2011இல் அவர் வெளியிட்ட 'பிரெடிக்டபிள் ரெவன்யூ' என்ற நூல் மென்பொருள் நிறுவனங்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது.

பின்னர் இம்முறையைத் தானியங்குக் கருவிகள் கையிலெடுத்தன. பெயரும் நிறுவனமும் மட்டும் மாறிய ஒரே கடிதம் ஆயிரக்கணக்கானோருக்குச் சென்றது. விடையளிக்காதவருக்கு நினைவூட்டல்கள் தொடர்ந்தன. ஆளறிந்து எழுதியதால் பயன் தந்த முறை, ஆளறியாமல் பெருக்கப்பட்டபோது மீண்டும் எரிதத்தை நெருங்கியது.

வடிகட்டிகளும் சான்றுறுதியும்

இரண்டே ஆண்டுகளில் எரிதச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று 2004இல் பில் கேட்ஸ் கூறினார். அது நிகழவில்லை. எனினும் தொழில்நுட்பம் பெருமளவு முன்னேறியது. 1997இல் பால் விக்சி, எரிதம் அனுப்பும் வலையமைப்புகளின் கரும்பட்டியலைத் தொடங்கினார். 2002இல் பால் கிரகாம், சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு எரிதத்தை இனங்காணும் வடிகட்டியைப் பற்றி எழுதிய கட்டுரை பலருக்கு வழிகாட்டியது.

எஸ்.எம்.டி.பி. நெறிமுறையின் பழைய குறையைச் சரிசெய்ய மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு நிறுவனத்தின் பெயரில் எந்தெந்த வழங்கிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எப். ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணிமக் கையொப்பமிடுவது டி.கே.ஐ.எம். இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் வழங்கிக்குச் சொல்வது டிமார்க்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. கூகுளின் விதிப்படி, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் மூன்று ஏற்பாடுகளையும் கொண்டிருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். எரிதம் எனப் புகாரிடுவோர் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது. அதாவது, 1,000 பேரில் மூவர் 'எரிதம்' என்ற பொத்தானை அழுத்தினாலே அனுப்புநரின் நன்மதிப்பு கெடும். கெட்டபின், கேட்டுப் பெறுபவர்களுக்கும் அவருடைய கடிதங்கள் சென்று சேர்வது கடினமாகும்.

அளவிடும் முறையும் மாறியது. கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு படத்தை வைத்து, அது திறக்கப்பட்டதா என்று நிறுவனங்கள் கணக்கிட்டு வந்தன. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், தன் அஞ்சல் செயலியில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கும் தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதன்பின் 'திறந்தோர் விகிதம்' நம்பத்தக்க அளவுகோலாக இல்லை. விடையளித்தவர் எத்தனை பேர், பேச்சுவார்த்தைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பனவே பொருளுள்ள அளவுகளாயின.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் ஒரே நிகழ்வு பலமுறை திரும்ப வருகிறது. புதியதொரு வழி திறக்கிறது. முதலில் பயன்படுத்தியவர் பெரும்பயன் பெறுகிறார். அதைக் கண்டு பலர் நெருக்கியடிக்கின்றனர். பெறுபவர்கள் வெறுத்துக் கதவை மூடுகின்றனர். பின்னர் விதிகள் வருகின்றன. துர்க்கின் அழைப்புக்குக் கிடைத்த பலன் இன்று எவருக்கும் கிடைக்காது. 1978இல் ஒருவரின் அஞ்சற்பெட்டியில் வந்த ஒரே விளம்பரம் அது.

இந்த நெருக்கடியில் மிகுதியாக இழப்பவை சிறு நிறுவனங்களே. பெரிய நிறுவனம் தொலைக்காட்சியிலும் தேடுபொறியிலும் விளம்பரம் செய்ய முடியும். கண்காட்சிக்கு ஆளனுப்ப முடியும். கைமுதல் இல்லாதவருக்கு மின்னஞ்சல் ஒன்றே மலிவான வழி. அந்த வழி திறந்திருக்குமா என்பதை இன்று சில பெரிய அஞ்சல் நிறுவனங்களின் வடிகட்டிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

ஆனாலும் வழி முற்றாக அடைபடவில்லை. பெறுபவர் யார், அவருடைய நிறுவனம் என்ன செய்கிறது, அவருக்கு இப்போது இது ஏன் தேவைப்படலாம் என்பவற்றை அறிந்து எழுதப்படும் கடிதத்திற்கு இன்றும் விடை வருவதுண்டு. அனுப்புபவர் தம் பெயரையும் முகவரியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்பது சிறிதாக இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் உடனே நிறுத்த வேண்டும். இவ்வாறு எழுத ஒரு கடிதத்திற்குச் சிறிது நேரமாவது செலவாகும். ஒரு நாளில் 20 பேருக்கு எழுத முடியுமே தவிர 20,000 பேருக்கு முடியாது. அஞ்சல்தலைக் காலத்தில் பணம் செய்த வேலையை இங்கே உழைப்பு செய்கிறது. யாருக்கு எழுதலாம் என்று எழுதுமுன் எண்ணிப் பார்க்க வைப்பது அதுவே.